சர்வர் செத்துப் போகலை பாஸ்!

தர்மபுரியிலிருந்து ஒரு மாணவர் பதறிப்போய்க் கேட்டிருக்கார்: “எங்க காலேஜ் லேப்ல ஒரு பழைய டெஸ்க்டாப்தான் டெபியன் லினக்ஸ் சர்வர். மூணு செட் பசங்களோட புரோகிராம், புராஜெக்ட் எல்லாம் அதுக்குள்ளதான். இடி மழையில மதர்போர்டுல இருந்த நெட்வொர்க் போர்ட் அவுட். செகண்ட் ஹேண்டுல ஒரு ரியல்டெக் கார்டு வாங்கி மாட்டினோம். லைட் எரியுது, நெட்வொர்க் வரலை. ஃபார்மட் அடிச்சுப் புதுசா போடலாம்ங்கறார் சீனியர். அடுத்த வாரம் பிராக்டிகல்!”

முதல்ல அந்த இன்ஸ்டால் பென் டிரைவைப் பிடுங்கி ஒளிச்சு வைங்க. போனது நெட்வொர்க்தான், ஹார்ட் டிஸ்க் இல்லை. மானிட்டரும் கீபோர்டும் மாட்டி நேரா லாகின் பண்ணினா எல்லா ஃபைலும் அப்படியே இருக்கும். இன்னிக்கே வேறொரு டிஸ்க்குக்கு காப்பி எடுத்துடுங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

லைட் எரியுதுன்னா கேபிளும் ஸ்விட்சும் பெரும்பாலும் ஓகே. ஆனாலும் அதே கேபிளை ஒரு லேப்டாப்பில் செருகிப் பார்த்துடுங்க. (2011-ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் வீட்டில் தூசி படிஞ்சு கிடந்தா, அதுவே போதும். விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அதில் சேர்ந்து வந்தது. நம்ம அண்ணன்கள் பலர் திறந்துகூடப் பார்க்கலைங்கறது தனி சோகம்!)

அடுத்து, கார்டை லினக்ஸ் பார்க்குதா? ‘எல்எஸ்பிசிஐ’ என்ற கமாண்டோடு மைனஸ் கே சேர்த்து அடிங்க. கார்டு பெயருக்குக் கீழே ‘கெர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்ற வரியில் ‘ஆர்8169’னு இருந்தா டிரைவர் வேலை செய்யுதுன்னு அர்த்தம். ரொம்பப் பழைய 100 எம்பி ரியல்டெக் கார்டுன்னா ‘8139டூ’ன்னு வரும். கார்டு பெயரே வரலைன்னா கழற்றி, பின்னைத் துடைச்சு, வேற ஸ்லாட்டில் மாட்டுங்க.

எனக்கென்னவோ உங்க வில்லன் டிரைவர் இல்லை, பெயர்தான்! அந்தக் காலத்தில் முதல் கார்டுக்கு ஈத்0 என்று பெயர். 2013-ல் சிஸ்டம்டி கொண்டு வந்த முறையில், கார்டு எந்த ஸ்லாட்டில் இருக்கோ அதை வச்சுப் பெயர் வரும். செத்துப் போன போர்ட் ‘ஈஎன்பி2எஸ்0’ன்னா, புதுசு ‘ஈஎன்பி3எஸ்0’ ஆகியிருக்கலாம். ஆனா ‘ஈடிசி’ ஃபோல்டரில் ‘நெட்வொர்க்’குக்குள்ள இருக்கற ‘இன்டர்ஃபேசஸ்’ ஃபைல் இன்னும் பழைய பெயரையே கூப்பிட்டுட்டு இருக்கும். ‘ஐபி லிங்க்’ அடிச்சுப் புதுப் பெயரைப் பாருங்க, ஃபைலில் மாத்துங்க, ரீஸ்டார்ட் பண்ணுங்க. (உபுண்டு சர்வர்காரங்க ‘நெட்பிளான்’ ஃபைலில் தேடணும்.)

அப்பவும் வரலையா? ‘டிமெசேஜ்’ல ‘ஃபர்ம்வேர்’ என்ற வார்த்தையைத் தேடுங்க. சில கார்டுகளுக்குள்ள ஏத்த வேண்டிய குட்டி ஃபைல் அது. ஓப்பன் சோர்ஸ் இல்லைன்னு டெபியன் அதை இன்ஸ்டால் டிஸ்க்கில் சேர்க்காமலே வச்சிருந்தது. 2023-ல் வந்த டெபியன் 12-லதான் மனசு மாறுச்சு. நெட் இல்லாம ஃபைலை எப்படி டவுன்லோட் பண்றதுங்கறீங்களா? ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் சர்வரோடு இணைச்சு, ‘யுஎஸ்பி டெதரிங்’ ஆன் பண்ணுங்க. போனே ஒரு நெட்வொர்க் கார்டா மாறிடும்.

டிரைவரை அவசரப்பட்டுத் திட்டாதீங்கன்னு சொல்ல ஒரு காரணம் இருக்கு. 2008 செப்டம்பரில் லினக்ஸ் 2.6.27-ன் சோதனைப் பதிப்பைப் போட்டவங்களில் சிலருக்கு இன்டெல் நெட்வொர்க் கார்டு அப்படியே செத்துப் போச்சு. கார்டுக்குள்ள இருந்த மெமரியே அழிஞ்சதால, ஓ.எஸ்.ஸை மறுபடி போட்டும் பிரயோஜனமில்லை. ஈ1000ஈ டிரைவர் மேலதான் எல்லாரும் பாய்ஞ்சாங்க. அக்டோபரில் பார்த்தா, குற்றவாளி கெர்னலின் வேறொரு மூலையில் இருந்த ‘எஃப்ட்ரேஸ்’!

பெயரை மாத்தினதும் இந்த வரிசையில் பிங் பண்ணுங்க: முதலில் ரவுட்டர், பிறகு 8.8.8.8, கடைசியா ஒரு வெப்சைட் பெயர். முதல் ரெண்டும் பதில் சொல்லி மூணாவது மட்டும் சொல்லலைன்னா டிஎன்எஸ் செட்டிங்கில்தான் கோளாறு. பிராக்டிகலுக்கு அது தேவையே இல்லை. லேப் கம்ப்யூட்டர்கள் பழைய ஐபி நம்பரிலேயே சர்வரைப் பிடிச்சுக்கும், அதனால அந்த நம்பரை மட்டும் மாத்திடாதீங்க.