இரண்டாவது தொட்டி இல்லையென்றால் முதல் தொட்டியும் வேண்டாம்

போன வருஷம் ஹட்டன் டவுன்ல கடை வச்சிருக்கிற என் பெரியம்மா மகன் ஒரு கடல்மீன் தொட்டி வாங்கினார். மூணு அடிக் கண்ணாடி, நீல லைட், கொஞ்சம் பாறைக்கல், ஒரு சிவப்பு இறால், ரெண்டு நீமோ. கடைசியா ஒரு பவுடர் புளூ. வெளிர்நீல உடம்பு, கறுப்பு முகம், மஞ்சள் முதுகுத்துடுப்பு. ரீலோட் போட வந்தவங்க எல்லாம் அதைத்தான் நின்னு பார்த்தாங்க. ஆறாம் நாள் அதன் மேல உப்புத்தூள் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளிகள். பதினோராம் நாள் தொட்டியில மீனே இல்லை.

பெரியம்மா கண்ணூறு என்றார். அண்ணன் "தண்ணி ஒத்துக்கல" என்றார். மீன் விற்றவர், "பவுடர் புளூ அப்படித்தான், வேற ஒண்ணு தர்றேன், விலை குறைச்சுப் போடலாம்" என்றார். எனக்கு மூணு பதிலும் ஒண்ணாத்தான் கேட்டுது. செத்ததுக்கு யாரும் பொறுப்பில்லை, அவ்வளவுதான்.

பொறுப்பு இருக்கு. அந்த வெள்ளைப்புள்ளிக்கு ஒரு பெயரும் ஒரு கணக்கும் இருக்கு. கிரிப்டோகாரியோன் இரிட்டன்ஸ் என்ற ஒருகல ஒட்டுண்ணி அது. மீனின் தோலுக்கும் செவுளுக்கும் உள்ளே புகுந்து மூணிலிருந்து ஏழு நாள் வரை தின்று கொழுக்கும். பிறகு மீனை விட்டு விழுந்து, கல்லிலோ மணலிலோ ஒட்டி, தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொள்ளும். இந்த நேரத்துல மீன் மேல புள்ளி மறைஞ்சிடும். நாம "சுகமாயிருச்சு" என்று சந்தோஷப்படுவோம். ஓட்டுக்குள்ளே அது பிரிஞ்சுக்கிட்டே இருக்கும். ஒரு ஓட்டிலிருந்து 200க்கும் மேல குஞ்சுகள் வெளியே வரலாம். ஒவ்வொண்ணும் ஓரிரு நாளுக்குள்ள ஒரு மீனைக் கண்டுபிடிக்கணும், இல்லாட்டி செத்துப்போகும்.

கடல்ல அந்தக் குஞ்சுகளில் பெரும்பாலானவை மீனைக் காணாமலே சாகும். அதனாலதான் கடல் மீன் மேல ஒண்ணு ரெண்டு இருந்தாலும் அது பாட்டுக்கு நீந்தும். மூணு அடிக் கண்ணாடிக்குள்ள எந்தப் பக்கம் நீந்தினாலும் மீன்தான். சாதுவான ஒட்டுண்ணியைக் கொலைகாரனாக்கினது நம்ம கண்ணாடிப்பெட்டி. அப்புறம் கண்ணூறு மேல பழியைப் போடுறோம்.

சரி, மருந்துக்கு வருவோம். நன்னீர் மீன் வளர்க்கிற கூட்டாளி ஒருத்தர் "கொஞ்சம் உப்புப் போடு, சூட்டைக் கூட்டு" என்று அண்ணனுக்குச் சொல்லியிருக்கிறார். கடல் தண்ணியில உப்புப் போடச் சொல்றதை என்னவென்று சொல்ல! நன்னீரில் வர்ற வெள்ளைப்புள்ளி வேற உயிர், அதற்கான வைத்தியமும் வேற. மீன் தாங்குகிற சூட்டுக்கெல்லாம் இது சாகாது. தண்ணி சூடாக ஆக்சிஜன் குறையும், ஏற்கனவே செவுள் கெட்ட மீன்தான் மூச்சுத் திணறும்.

அடுத்து ஒரு நீலப் போத்தல் வந்துச்சு. "தொட்டிக்கு ஒரு மூடி" என்று கடையில் சொல்லியிருந்தாங்க. அன்று எங்க அப்பாவும் கூட இருந்தார். தோட்டத்துல மருந்தடிக்கிற கேங்கில் பல வருஷம் இருந்தவர். போத்தலை வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பார்த்துட்டு, "இது மயில்துத்தம்ல" என்றார். சரியாத்தான் சொன்னார், செப்பு சல்பேற். 1946இல் தேயிலைக்குக் கொப்புள நோய் இலங்கைக்குள்ள வந்ததிலிருந்து மலையகத்துல மழைக்காலம்னா செப்பு மருந்து அடிக்கிற காலம். அப்பா அடுத்துக் கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை லீட்டருக்கு எவ்வளவு?"

"ஒரு மூடி போடச் சொன்னாங்க சித்தப்பா" என்றார் அண்ணன்.

"மூடின்னா அளவா?"

அந்தக் கேள்வியைப் போத்தல் விற்றவர் கேட்கல. செப்பு வேலை செய்யும், அதை நான் மறுக்கல. ஆனா ஒரு லீட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரைக்கும்தான். குறைஞ்சா ஒட்டுண்ணி சாகாது, கூடினா மீன் சாகும். தினமும் டெஸ்ட் கிட்டால் அளந்து, மூணிலிருந்து ஆறு வாரம் விடாமல் அந்த அளவைப் பிடிச்சு வைக்கணும். தோலுக்குள்ள இருக்கிறதையும் ஓட்டுக்குள்ள இருக்கிறதையும் செப்புத் தொடாது. நீந்தி வர்ற குஞ்சை மட்டும்தான் கொல்லும், அதுக்குத்தான் இத்தனை வாரம். இன்னொண்ணு, சுண்ணாம்புக் கல்லும் மணலும் செப்பை உறிஞ்சிடும். காலையில போட்ட அளவு சாயந்தரம் இருக்காது. இறாலுக்கும் பவளத்துக்கும் செப்பு நஞ்சு. அண்ணனோட தொட்டியில முதல்ல செத்தது, நோயே வராத அந்தச் சிவப்பு இறால்.

அதனாலதான் சொல்றேன்: வைத்தியம் அழகுத் தொட்டிக்குள்ள நடக்கக்கூடாது. புது மீன் எதுவா இருந்தாலும் முதல்ல வேற தொட்டி. கல் வேண்டாம், மணல் வேண்டாம். ஒளிய ஒரு பீவீசி குழாய்த்துண்டு, ஹீட்டர், காற்றுக்கல், சின்ன பில்டர். நாலு கிழமையாவது அங்க இருக்கட்டும்.

இதை கெம்பஸில் சொன்னப்போ ஒரு தோழர் சிரிச்சார். "நம்ம பூட்டனை மண்டபம் முகாமில அடைச்ச மாதிரி மீனையும் அடைக்கச் சொல்றியா?" சும்மா தள்ளிவிட முடியாத கேள்வி. தோட்டத்துக்கு வந்தவங்களை மண்டபத்துல நிறுத்திவச்சுச் சோதிச்சுத்தான் கப்பலேத்தினாங்க. அந்தத் தனிமைப்படுத்தல் அவங்களுக்காக நடந்ததில்லை, தோட்டத்தின் வேலை கெடக்கூடாது என்பதுக்காக நடந்தது. ஒருத்தர் செத்தா இன்னொருத்தர் வருவார் என்பதுதான் அங்க கணக்கு. இப்ப "வேற ஒண்ணு தர்றேன், விலை குறைச்சு" என்று சொன்ன மீன் கடைக்காரரை நினைச்சுப் பாருங்க. மண்டபத்துக் கணக்கு யாரிடம் இருக்கு? தனித்தொட்டியில புது மீன் அடி வாங்காமல் ஓய்வெடுக்குது, சாப்பிடப் பழகுது. நோய் இருந்தா அங்கேயே பார்த்துக்கலாம்.

செலவு என்பீங்க. பவுடர் புளூவுக்குக் கொடுக்கக் காசு இருந்தவருக்குப் பிளாஸ்டிக் பெட்டிக்குக் காசு இல்லையா? மருந்தே இல்லாத வழியும் இருக்கு. ரெண்டு பெட்டி போதும். மூணு நாளைக்கு ஒருக்கா மீனை மட்டும் புதுத் தண்ணியுள்ள அடுத்த பெட்டிக்கு மாத்தணும், பழையதைக் கழுவி நல்லாக் காயவைக்கணும். மொத்தம் நாலு தடவை. விழுந்த ஒட்டுண்ணி குஞ்சு பொரிக்கிறதுக்கு முன்னாடி மீன் அங்க இருக்காது. வெள்ளைப்புள்ளிக்கு மட்டும்தான் இது. மீன் மேல பொன்தூள் பூசின மாதிரி இருந்தா அது வெல்வெட் நோய், அதுக்கு இந்த வித்தையை நம்பி இருக்காதீங்க. சில நாளிலேயே தொட்டியைக் காலி பண்ணிடும்.

பவுடர் புளூ பெரும்பாலும் பண்ணையில பிறக்கிறதில்லை. யாரோ ஒருத்தர் முக்குளிச்சுப் பிடிச்சிருக்கிறார். தென்மேற்குப் பருவக்காற்று நேரம் கிழக்குக் கரை, அது முடிஞ்சா மேற்கும் தெற்கும் என்று கடலைத் துரத்திப் போற தொழில் அது. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டத்தின் கீழ் சில இனங்களைப் பிடிக்கவோ ஏற்றுமதி பண்ணவோ முடியாது. சரி. பிடிச்சு, பையில கட்டி, மலையேத்திக் கொண்டுவந்த மீனைப் பதினோரு நாளில் கொன்ற நம்மளை யார் கேட்டாங்க?

அண்ணன் இப்ப மீனில்லாத தொட்டியை ஓடவிட்டிருக்கிறார். ஓடு கட்டின ஒட்டுண்ணி 72 நாள் கழிச்சும் குஞ்சு பொரிச்சதாகப் பதிவு இருக்கு. அதனால 76 நாள் என்று கலண்டரில் கோடு போட்டு வச்சிருக்கோம். "மீனே இல்லாத தொட்டிக்கு எதுக்கு ஹீட்டர், கரண்ட் பில் யார் கட்டுறது?" என்று நேற்றும் சண்டை. ஹட்டன் குளிர்ல ஹீட்டரை நிப்பாட்டினா அதுங்க மெதுவாத்தான் பொரிக்கும், 76 நாள் கணக்கை நம்ப முடியாது என்று மறுபடி சொன்னேன். முணுமுணுத்துக்கிட்டே ஸ்விட்சைப் போட்டார். ரீலோட் போட வர்றவங்க "மீன் எங்க அண்ணே?" என்று கேட்கிறாங்களாம். இன்றைக்கு நாற்பத்து மூணாம் நாள்.