கட்டியதால் கூடியதா, தானாகக் கூடியதா?

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையில் புளி உலுக்கவோ கடுக்காய் பறிக்கவோ மரமேறியவர் தவறி விழுந்தாலும் சரி, கீழே சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் பைக் சறுக்கிக் கால் ஒடிந்தாலும் சரி, சுற்றி நிற்பவர்களில் ஒருவராவது இப்படிச் சொல்வார்: "ஆஸ்பத்திரிக்குப் போனா கத்தி வெப்பாங்க, கம்பி வெப்பாங்க. நாட்டுக் கட்டு கட்டி, பிரண்டைய அரைச்சுக் குடுங்க. நாப்பது நாள்ல எழுந்து நடப்பாரு." கள்ளக்குறிச்சிக்கு மட்டும் உரிய பேச்சல்ல இது. ஆந்திரத்துப் புத்தூரின் பெயரைத் தாங்கிய கட்டு வைத்தியசாலைப் பலகைகள் தமிழ்நாடு முழுக்கத் தொங்குகின்றன. சொல்பவர்களை ஏளனம் செய்வது சுலபம். அதைவிட, அவர்கள் காட்டும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது பயன்.

"கட்டினவங்களுக்கெல்லாம் கூடியிருக்கே" என்பது முதல் காரணம். கூடியிருக்கிறது, மறுக்கவில்லை. கூட்டியது யார் என்பதுதான் கேள்வி. எலும்பு முறிந்ததும் அந்த இடத்தில் ரத்தம் கட்டுகிறது. அந்த ரத்தக்கட்டிக்குள் புதிய ரத்தக்குழாய்களும் செல்களும் நுழைகின்றன. இரண்டு மூன்று வாரத்தில் குருத்தெலும்பு போன்ற மென்மையான ஒட்டு உருவாகிறது. பிறகு அதில் சுண்ணாம்புச் சத்து படிந்து கெட்டிப்படுகிறது. கடைசியாக, வேண்டாத மேட்டை உடலே தேய்த்துச் சீராக்குகிறது. இதற்கு மாதங்கள் ஆகலாம், வருடங்களும் ஆகலாம். தோலில் காயம்பட்டால் தழும்பு நிற்கும். எலும்போ தழும்பில்லாமல் எலும்பாகவே வளர்ந்து மூடிக்கொள்ளும். விலா எலும்பு கட்டே போடாமல் கூடுகிறது. வண்டியில் அடிபட்ட தெருநாய்க்கும் கால் கூடத்தான் செய்கிறது, ஆனால் கோணலாக. ஆகவே கூடுமா என்பதை விட்டுவிட்டு, நேராகக் கூடுமா, நீளம் குறையாமல் கூடுமா, மூட்டு மடங்குமா என்று கேட்க வேண்டும்.

எல்லா எலும்பும் தானாகக் கூடிவிடுவதும் இல்லை. வழுக்கி விழுந்த பாட்டிக்குத் தொடை எலும்பின் கழுத்து முறிந்தால், மேலே இருக்கும் பந்துக்குப் போகும் ரத்தமே அறுந்துபோகலாம். வெளியே எத்தனை சுற்று துணி சுற்றினாலும் அந்த ரத்தம் திரும்பாது. கெண்டைக்காலுக்குக் கீழே, சதைப்பற்று குறைந்த கணைக்கால் எலும்பின் அடிப்பகுதியும் அப்படித்தான், அடம்பிடிக்கும். சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் தாமதம். பீடி புகைப்பவருக்கும் அதே கதிதான். கட்டுப் போட்ட காலோடு திண்ணையில் சாய்ந்து பீடி இழுப்பவரிடம் இதை யாரும் சொல்வதில்லை.

அடுத்து, பிரண்டை. இதில் ஒன்றுமே இல்லை என்று சொன்னால் பொய். 1960களில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் கே.என். உடுப்பாவும் ஜி.சி. பிரசாத்தும் விலங்குகளில் சோதித்து, பிரண்டை கொடுத்தவற்றுக்கு முறிவு சற்று முந்திக் கூடுவதாக எழுதினார்கள். அதன்பின் மனிதர்களிடம் நடந்தவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். முந்திக் கூடுவதற்கு உதவலாம் என்பதற்கும், விலகி நிற்கும் எலும்பை இழுத்து நேராக்கும் என்பதற்கும் வெகுதூரம். ஒரு விரற்கடை ஏறி நிற்கும் எலும்பு பிரண்டையால் விரைவாகக் கூடினால், கோணல்தான் விரைவாக நிலைக்கும். துவையல் அரைத்துத் தாராளமாகச் சாப்பிடுங்கள், நாக்கு அரிக்காமல் வதக்கிக்கொண்டு.

"இறுக்கிக் கட்டினாத்தான் கூடும்" என்கிறார்களே, அதுதான் இருப்பதிலேயே ஆபத்தானது. முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் தடவி, மூங்கில் தப்பை வைத்து, துணியால் இறுக்குகிறார்கள். முறிந்த இடம் முதல் இரண்டு நாளில் வீங்கும். கையிலும் காலிலும் தசைகள் விரியாத உறைக்குள் இருக்கின்றன. உள்ளே வீக்கம், வெளியே இறுக்கம், நடுவில் ரத்தக்குழாய் நசுங்குகிறது. ஏறத்தாழ ஆறு மணி நேரம் ரத்தம் போகாவிட்டால் தசை செத்துவிடும், திரும்ப உயிர்க்காது. எலும்பு கூடும், ஆனால் விரல்கள் கழுகு நகம்போல் உள்ளே வளைந்து நின்றுவிடும். இறுக்கமான கட்டே இதற்குக் காரணம் என்று ஜெர்மானிய மருத்துவர் ஃபோல்க்மன் 1881-லேயே எழுதிவிட்டார். இன்னும் முற்றினால் அழுகி, கையையே எடுக்க வேண்டிவரும். மரத்திலிருந்து விழும் பிள்ளைகளுக்கு முழங்கைக்குச் சற்று மேலே முறிவது வழக்கம். இந்தக் கேட்டுக்குப் பேர்போன இடமும் அதுவே. மருத்துவமனை மாவுக்கட்டிலும் இது நேரலாம். அதனால்தான் அங்கே புதுக் காயத்துக்கு முழுக்கட்டுப் போடாமல் பாதிக்கட்டுப் போட்டு, விரலைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்கள்.

"கம்பி வெச்சா எலும்பு செத்துப்போகும்" என்பது இன்னொன்று. 1939-இல் ஜெர்மனியின் கீல் நகரில் குன்ட்ஷர் என்ற மருத்துவர் தொடை எலும்பின் நடுக்குழலுக்குள் நீளக் கம்பி செலுத்தினார். வாரக்கணக்கில் கட்டிலில் எடை தொங்கவிட்டுப் படுத்திருந்தவர்கள் சில நாளில் எழுந்து நிற்க அதுதான் வழிசெய்தது. கம்பி எலும்பை ஒட்டுவதில்லை. உடல் தன் வேலையைச் செய்து முடிக்கும்வரை எலும்பை நேராகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆக, கட்டுக்காரரின் தப்பைக்கும் இந்தக் கம்பிக்கும் நோக்கம் ஒன்றே. எக்ஸ்ரே பார்த்து வைப்பதும், சதையை நசுக்காமல் உள்ளிருந்து பிடிப்பதும்தான் வித்தியாசம். சீழ் பிடிக்கும் அபாயம் அறுவையில் உண்டு; அது இல்லாததுபோல் பேசும் மருத்துவரும் நேர்மையானவர் அல்ல.

விபத்தில் எலும்புத் துண்டே சாலையில் போய்விட்டால் நாட்டுக் கட்டில் அதற்கு வழி கிடையாது. சைபீரியாவின் குர்கன் நகரில் இலிசரோவ் 1950களில் கண்ட முறையில், காலைச் சுற்றி வளையங்கள் பொருத்தி, எலும்பை ஓரிடத்தில் வெட்டி, நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் நகர்த்துகிறார்கள். கால் மில்லிமீட்டராக நான்கு தடவை திருகாணியைத் திருப்ப வேண்டும், பெரும்பாலும் நோயாளியே வீட்டில் திருப்பிக்கொள்வார். திறக்கும் இடைவெளியில் புது எலும்பு முளைக்கிறது. 1965-இல் அமெரிக்காவின் யூரிஸ்ட், சுண்ணாம்பு நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்து, அங்கே எலும்பு வளர்வதைக் காட்டினார். எலும்பை முளைக்கச் சொல்லும் புரதங்கள் உண்டு என்று அதிலிருந்து தெரிந்தது. அப்படி ஒரு புரதத்தைக் கணைக்கால் எலும்பின் திறந்த (தோல் கிழிந்த) முறிவுக்கு அமெரிக்கா 2004-இல் அனுமதித்தது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் நிறுவனம் இடைவெளியை நிரப்பும் எலும்பு வகைப் பீங்கானை இங்கேயே உருவாக்கியது. இடுப்பெலும்பிலிருந்து சுரண்டி எடுத்து வைக்கும் பழைய முறைக்குத்தான் இன்றும் மதிப்பு அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதைக் கேட்டுவிட்டு, "ஸ்டெம்செல் ஊசி போட்டால் எலும்பு முளைக்கும்" என்ற நகரத்து விளம்பரத்துக்குப் போய்விடாதீர்கள். அதுவும் பிரண்டை நம்பிக்கைதான், விலை மட்டும் லட்சங்களில். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல், சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்கு மட்டுமே ஸ்டெம்செல்லைச் சிகிச்சை என ஏற்கிறது. எலும்பு முறிவு அந்தப் பட்டியலில் இல்லை.

கடைசிக் காரணம் தூரமும் செலவும். இதை மட்டும் என்னால் மறுக்க முடியவில்லை. மலை மீதிருந்து இறங்க ஒரு நாள் கூலி போகும். கட்டுக்காரரோ கூப்பிட்டால் வருவார், கடன் சொன்னாலும் கட்டுவார். ஆனாலும் நிலைமை பத்தாண்டுக்கு முன்பு இருந்ததுபோல் இல்லை. கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. அங்கே சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. மரத்திலிருந்து விழுந்தவருக்கு அது பொருந்தாது. அவருக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உதவலாம்.

கட்டுக்காரர்களை விரட்டுவதும் தீர்வாகாது. நைஜீரியாவில் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்த இடத்தில் அழுகல் குறைந்ததை மருத்துவ இதழ்களில் பதிவு செய்திருக்கிறார்கள். நம் சுகாதாரத் துறை கல்வராயன் மலையின் கரியாலூரிலும் வெள்ளிமலையிலும் அதைச் செய்து பார்க்கலாம்.

அதுவரை வாசகருக்கு ஒரு வேண்டுகோள். யார் கட்டிய கட்டானாலும், கட்டிய பின் விரல் மரத்துப்போனால், வெளுத்துச் சில்லிட்டால், விரலை நீட்டிவிடும்போது உயிர் போகும் வலி எடுத்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கட்டை அறுத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.