கட்டட அனுமதியும் தறிக்கூடமும்

உறையூரில் தறிக்கூடமோ, ஸ்ரீரங்கத்தில் மாடி அறையோ எழுப்ப முற்படும் அங்கத்தினர் சிலர், "சொந்த மனைக்கு அனுமதி எதற்கு?" என வினவுகின்றனர். சுண்ணாம்பு அடித்தல், பூச்சைப் புதுப்பித்தல் போன்ற பழுது வேலைகளுக்கு வேண்டியதில்லைதான். ஆனால் கட்டடத்தின் பரப்போ உயரமோ கூடுமாயின் அனுமதி அவசியம். 1994இல் ஸ்ரீரங்கம் திருச்சிராப்பள்ளி மாநகராட்சியில் சேர்ந்தமையால் காவிரியின் இருபுறத்தார்க்கும் அதனை வழங்குவது மாநகராட்சியே. அங்கீகரித்த வரைபடமின்றி வீட்டுக்கடன் கிட்டுவதும் அரிது.

அலைச்சலுக்கு அஞ்சினோம் என்னும் சாக்கு இனிச் செல்லாது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடிக்கு மேற்படாமல், தரைத்தளமும் ஒரு மாடியுமாகக் கட்டும் வீட்டிற்குச் சுயசான்றின்பேரில் இணையவழியே உடனடி அனுமதி தரும் முறையை 2024 ஜூலையில் அரசு தொடங்கியது. சுயசான்று என்றால் பொறுப்பும் கையொப்பமிடுபவருடையதே. கொத்தனார் சொன்ன அளவை நம்பி ஒப்பமிடுதல் தகாது.

குறை ஒன்றுண்டு. இச்சலுகை குடியிருப்பு வீட்டிற்கே உரியது. தொழிலுக்கெனத் தனியே எழுப்பும் தறிக்கூடம் இதில் அடங்காது. அதற்காக அதனை வீடென்று எழுதிக்கொடுத்தல் கூடாது. சிறு தறிக்கூடங்களுக்கும் இவ்வசதியை நீட்டுமாறு நம் நெசவாளர் சங்கங்கள் தீர்மானம் நிறைவேற்றி அரசுக்கு அனுப்புதல் வேண்டும்.