ஒரு குச்சி, ஒரு கயிறு... இதுக்கா இவ்வளவு விலை?

கையால் செய்த ஆங்கிலேய நெடுவில்லின் விலையைக் கேட்டதும் பலரும் கேட்கிற கேள்வி இது. மூலப்பொருள், கூலி, மேற்செலவு மூன்றையும் கூட்டினால் விலை வந்துவிடும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அந்தக் கணக்கில் விட்டுப்போகிற ஒன்றுதான் வில்லை வில்லாக்குகிறது.

நெடுவில்லுக்குப் பேர்போனது யூ மரம். அதன் வெளிப்பக்க வெண்மரம் இழுவையைத் தாங்கும், உள்ளே இருக்கும் வைரம் நசுக்கத்தைத் தாங்கும். வெண்மரம் இலக்கைப் பார்த்தும் வைரம் வில்லாளியைப் பார்த்தும் இருக்கும்படி செதுக்குவார்கள்.

அடுத்தது மெலிவு. நாணை இழுக்கும்போது வளைக்கும் விசை பிடிக்கு அருகில் அதிகம், முனையை நோக்கிப் போகப்போகக் குறைவு. முழுக்க ஒரே தடிமனில் விட்டால் நடுப்பகுதி மட்டும் பாடுபடும், முனைகள் சும்மா இருக்கும். சும்மா இருந்தாலும் பரவாயில்லை, தன் கனத்தால் அம்புக்குப் போகவேண்டிய வேகத்தையும் தின்றுவிடும்! (எல்லா ஆபீஸிலும் இப்படி ஒருத்தர் உண்டு :-))

சரி, சீவிவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். மரத்தின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் மாறும். தடிமனில் 10 சதவீதம் குறைந்தால் விறைப்பில் ஏறக்குறைய 27 சதவீதம் போய்விடும். சீவியதைத் திரும்ப ஒட்டவும் முடியாது. அதனால் கொஞ்சம் இழுத்து, தள்ளி நின்று வளைவைப் பார்த்து, எங்கே விறைப்போ அங்கே பென்சிலால் குறித்து, அங்கே மட்டும் சுரண்டுவார்கள். மெலிந்த இடத்தைத் தொடவே மாட்டார்கள். பிறகு இருபது முப்பது முறை இழுத்துப் பழக்கி, மறுபடி பார்ப்பார்கள். அவசரப்பட்டால் ஓரிடம் மட்டும் கீல் போல மடங்கும். உள்பக்க நார்கள் நசுங்கிச் சுருக்கம் விழும். ஒருநாள் 'படார்'!

இதை மெஷினிடம் கொடுக்கலாமே என்பார்கள். முதல் வெட்டுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் ஒரே மரத்தின் இரண்டு துண்டுகள்கூட ஒரே மாதிரி வளையாது. அளவு முடிகிற இடத்தில்தான் கண்ணின் வேலை தொடங்குகிறது.

நல்ல மரமும் லேசில் கிடைத்ததில்லை. 1472-ல் இங்கிலாந்து ஒரு சட்டமே போட்டது: இறக்குமதியாகும் ஒவ்வொரு டன் சரக்கோடும் நான்கு வில்மரங்கள் கொண்டுவர வேண்டும். 1545-ல் மூழ்கி 1982-ல் மேலே தூக்கப்பட்ட மேரி ரோஸ் கப்பலில் கிடைத்த நூற்றுக்கும் மேற்பட்ட முழு விற்கள் அந்தக் கைவேலைக்குச் சாட்சி.

காமர்ஸ் மாணவர்களுக்கு 'நார்மல் லாஸ்' தெரியும். உற்பத்தியில் தவிர்க்கமுடியாமல் வீணாவதன் செலவை நல்ல சரக்கு சுமக்கும். உடைந்த வில்லின் செலவை உடையாத வில் சுமப்பது அநியாயம் அல்ல, அதுதான் சரியான கணக்கு. பேரம் பேசி அதை வெட்டினால் செய்பவர் எங்கே மிச்சம் பிடிப்பார்? பார்த்துப் பார்த்துச் சுரண்டும் அந்தக் கடைசி மணிநேரங்களில்தான். அப்புறம் வில் உடைவது பட்டறையில் இல்லை, வாங்கியவரின் முகத்துக்கு அருகில்.

அதனால் வில் வாங்குகிறவர் "எத்தனை மணிநேர வேலை?" என்று கேட்பதைவிட, "முழுசா இழுத்துக் காட்டுங்க, வளைவைப் பார்க்கணும்" என்று கேட்கலாம். இரண்டு பக்கமும் சீராக வளைந்தால், கேட்ட விலை நியாயம்தான்.