புதுச்சேரி டீம்ல புதுச்சேரி எங்க?

1/ புதுச்சேரி கிரிக்கெட் அணி பத்தி ஒரு த்ரெட். கிரிக்கெட் பாக்காதவங்களும் படிங்க. இது நம்ம பசங்களுக்கான இடம் பத்தின விஷயம்.

2/ 2018-19 சீசன்ல ரஞ்சி கோப்பையில 9 அணிகளைச் சேர்த்தாங்க. அதுல நாமளும் ஒண்ணு. அதுக்கு முன்னாடி ரஞ்சியில புதுச்சேரிக்குன்னு அணியே கிடையாது.

3/ காரைக்கால், மாஹே, ஏனாம்ல பந்து போடுற பையனுக்கும் ஒரு கதவு திறக்கணும், அதான் நோக்கம். ஆனா நடந்தது என்ன? அந்த செப்டம்பர்லயே, விஜய் ஹசாரே போட்டி ஆரம்பிச்ச சூட்டோட, நம்ம அணியில 8 பேருக்கு ஆடத் தகுதி இல்லன்னு கிரிக்கெட் வாரியம் சொல்லிடுச்சு. பிள்ளையார் சுழியே கோணல்.

4/ விதிப்படி வெளியில இருந்து 3 தொழில்முறை வீரர்களை எடுக்கலாம். அதுல எனக்கு ஆட்சேபம் இல்ல. அபிஷேக் நாயர், பங்கஜ் சிங், வினய் குமார் மாதிரி ஆட்கள் கூட ஆடினா நம்ம பையன் நாலு விஷயம் கத்துக்குவான்.

5/ என் கேள்வி மீதி 8 இடத்தைப் பத்தி. சொந்த மாநிலத்துல வாய்ப்பு கிடைக்காதவர் ஒரு வாடகை முகவரியோட வந்து "உள்ளூர்" ஆயிட்டா, அது யாரோட அணி?

6/ ரத்தசோகையோட வர்ற நோயாளிக்கு ரத்தம் ஏத்துவோம். அவசரத்துக்கு அது உயிரைக் காப்பாத்தும். ஆனா எலும்பு மஜ்ஜை ஏன் வேலை செய்யலன்னு பாக்காம மாசாமாசம் ஏத்திக்கிட்டே இருந்தா அதுக்குப் பேர் வைத்தியம் இல்ல.

7/ 16 வயசுக்கு உட்பட்டோர் போட்டிக்குப் பசங்களோட மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயசைப் பாக்குறாங்க. பிறப்புச் சான்றிதழை மட்டும் நம்புறதில்ல. வயசுக்குக் காகிதம் போதாதுன்னா, ஊருக்கு மட்டும் எப்படிங்க போதும்?

8/ "வெளியூர்க்காரன்னு பிரிக்கலாமா டாக்டர்?"னு கேப்பீங்க. ஜிப்மர்ல வேலை பாக்குற அப்பா அம்மாவோட வந்து, இங்கயே ஸ்கூல் படிச்சு, இங்க லீக் ஆடுற பீகார் பையன் நம்ம பையன்தான். எங்க பிறந்தான்னு நான் கேக்கல. எங்க ஆடி வளர்ந்தான்னு கேக்குறேன்.

9/ "ஜெயிக்க வேண்டாமா?" வேணும். ஆனா இரவல் ஆட்டக்காரர் அடிச்ச செஞ்சுரி அவரோடயே அடுத்த மாநிலத்துக்குப் போயிடும். தோத்தாலும் நம்ம பையன் ஆடுன நாலு நாள் ஆட்டம் இங்கயே தங்கும்.

10/ கேக்குறது ரெண்டே விஷயம். ஒவ்வொரு அணி அறிவிப்புலயும் வீரர் எந்த வருஷத்துல இருந்து இங்க லீக் ஆடுறார்னு போடுங்க. நாலு பகுதியிலயும் தேர்வு முகாம் வைங்க. மறைக்க ஒண்ணும் இல்லன்னா இதுல என்ன கஷ்டம்?

11/ மெடிக்கல் சீட்டுல ஒரு போலி இருப்பிடச் சான்றிதழ்னா தெருவுக்கு வர்றோம். 11 பேர் ஆடுற அணியில ஒரு இடமும் சீட்டுதாங்க. அதுக்கும் கொஞ்சம் குரல் கொடுங்க.