முதுமை திரும்புமா? யாருக்குத் திரும்பும்?

கிழவர் குமரராவார் என்ற பேச்சு மீண்டும் கிளம்பியிருக்கிறது. காயகல்பம் தேடிய காலத்து ஆசைதான் இது. ஆசையை ஒதுக்கிவிட்டு, ஆராய்ச்சிக்கூடம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

1962-இல் பிரிட்டனின் ஜான் குர்டன், தவளை முட்டையின் உட்கருவை அழித்து, தலைப்பிரட்டையின் குடல் அணுவிலிருந்த உட்கருவை அங்கே வைத்தார். முட்டை வளர்ந்தது! முதிர்ந்த அணுவும் தன் தொடக்கத்தை இழந்துவிடுவதில்லை என்பது தெளிவாயிற்று. 1996-இல் ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் ஆய்வகத்தில், ஆறு வயது ஆட்டின் மடி அணுவிலிருந்து டாலி பிறந்தது. முயன்ற முட்டைகள் 277, பிழைத்தது ஒன்றே. 2006-இல் ஜப்பானின் ஷின்யா யமனாகா, முட்டையே இல்லாமல், நான்கு மரபணுக்களைக் கொண்டு எலியின் அணுவைக் கருநிலைக்குத் திருப்பினார். மறு ஆண்டே மனித அணுவும் திரும்பிற்று. 2012-இல் குர்டனுக்கும் அவருக்கும் நோபல் பரிசு.

டாலி 2003-இல் ஆறு வயதில் இறந்தபோது, "பிறக்கும்போதே கிழடு" என்றனர் சிலர். அதே அணுவழியில் பிறந்த நான்கு ஆடுகள் முதுமையிலும் நலமாக இருந்ததை 2016-இல் நாட்டிங்காம் ஆய்வாளர் காட்டினர். ஆகவே, அணுவின் வயது அழியத்தக்கதே.

அப்படியானால் மனிதனின் வயது? இங்கேதான் நிதானம் தேவை. முழுமையாகத் திருப்பினால் அணு தன் தொழிலை மறக்கும். உடலில் கட்டிகள் முளைக்கும். நான்கு மரபணுக்களில் ஒன்று புற்றுநோயோடு உறவுடையது. சிறிதளவே திருப்பியதில், 2016-இல் நோயுற்ற எலிகளின் ஆயுள் நீண்டது. 2020-இல் மூன்று மரபணுக்களால் முதிய எலிகளின் பார்வை மேம்பட்டது. எலிக்குக் கிட்டியது மனிதனுக்குக் கிட்டிவிட்டது என்று இளமை விற்போரிடம் ஏமாற வேண்டாம்!

2022-இல் ஆல்டோஸ் லேப்ஸ் என்ற நிறுவனம் 300 கோடி டாலருடன் இத்துறையில் இறங்கியது. பணம் வரட்டும், மறுக்கவில்லை. ஆனால், யமனாகா உழைத்த கியோட்டோ பல்கலைக்கழகம் அரசின் நிறுவனமன்றோ? வேருக்கு நீர் வார்த்தது பொதுப்பணம்; கனி மட்டும் கோடீசுவரர் தோட்டத்துக்கா?

ஏழை முதியவரின் மங்கும் கண்ணுக்கு ஒளி தரும் மருந்தா, செல்வரின் ஆயுளுக்கு நீட்டிப்புச் சீட்டா? இதை ஆய்வுக்கூடம் தீர்மானிக்காது. அரசுகளின் சட்டமும் விலைக் கட்டுப்பாடும்தான் தீர்மானிக்கும். மருந்து கடைக்கு வந்தபின் கேட்டுப் பயனில்லை. இன்றே கேட்போம்!