இவ்வாண்டு வண்டியா, வரும் ஆண்டு வண்டியா?

ஐப்பசி பிறந்துவிட்டால் நம் கல்லூரி வளாகத்தில் ஒரு பட்டிமன்றம் தானாகவே கூடிவிடுகிறது. நடுவர் இல்லை, மேடை இல்லை, தீர்ப்பும் இல்லை. தலைப்பு மட்டும் ஆண்டுதோறும் மாறுவதேயில்லை. வண்டி வாங்குவதாயின் தீபாவளிக்கே வாங்கிவிடுவதா, அல்லது சனவரி பிறக்கட்டும் என்று பொறுத்திருந்து அடுத்த ஆண்டு வண்டியாக வாங்குவதா என்பதே அத்தலைப்பு.

இதை மாணவர்களின் வெட்டிப் பேச்சென்று ஒதுக்கிவிட முடியாது. கூடலூர்த் திராட்சைத் தோட்டத்திலும், சின்னமனூர் வயல் வரப்பிலும், போடி ஏலக்காய்க் கடைகளிலும் இதே கேள்வி எழுகிறது. சிறுகச் சிறுகச் சேர்த்த பணமும், அடகுக்குப் போகும் நகையும், மூன்று ஆண்டுத் தவணையும் அதன் பின்னால் நிற்கின்றன. பொருளியல் பயிலும் மாணவன் என்ற முறையில் என் கருத்தை இங்கே எடுத்துரைக்க விழைகிறேன். காத்திருத்தலில் தவறில்லை. ஆனால் எதற்காகக் காத்திருக்கிறோம், எந்த நாள் வரை காத்திருக்கிறோம் என்ற இரண்டு வினாக்களுக்கும் விடை சொல்ல முடியாதவன், பொறுமை என்ற பெயரில் நட்டத்தை வளர்க்கிறான் என்பதே என் கட்சி.

அன்றைய நிலை

நம் தாத்தாக்களின் காலத்தில் இக்கேள்விக்கே இடமில்லை. உரிமமுறை ஓங்கியிருந்த நாளில், இத்தனை வண்டிதான் செய்யலாம் என்று அரசு அளவு வகுத்திருந்தது. 1972இல் வெளிவந்த பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிப் பதிவு செய்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தனர். எந்த ஆண்டு வண்டி என்று கேட்க அவர்களுக்கு வழியில்லை. கிடைத்த ஆண்டே நல்ல ஆண்டு! 1980இல் டி.வி.எஸ். 50 வந்தது. 1983 டிசம்பரில் முதல் மாருதி கார் வாங்கியவர் கைக்குப் போயிற்று. 1985இல் ஹீரோ ஹோண்டா சி.டி.100 வந்தது. அதன் பிறகே வாங்குவோன் தேர்ந்தெடுக்கும் நிலை மெல்ல மெல்ல உருவாயிற்று.

‘இந்த ஆண்டு மாடல்’ என்ற எண்ணமும் வானத்திலிருந்து விழுந்ததன்று. அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு 1908 முதல் 1927 வரை மாடல் டி என்ற ஒரே காரைப் பெரிய மாற்றமின்றிச் செய்து, ஒன்றரைக் கோடிக்கும் மேல் விற்றார். அவரை வெல்ல நினைத்த ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன், ஆண்டுக்கு ஆண்டு தோற்றத்தை மாற்றும் உத்தியைக் கையாண்டார். நேற்று வாங்கிய வண்டி இன்று பழையதாகத் தோன்ற வேண்டும். அப்போதுதான் புதியது விற்கும். ஆக, நம் மனத்தை அலைக்கழிக்கும் இந்த ஆசையின் ஒரு பகுதி, விற்போன் விதைத்த விதையே எனலாம்.

காத்திருந்தோர் கண்ட ஆதாயம்

எனினும், காத்திருக்கச் சொல்வோரின் கட்சியையும் நேர்மையாக எடுத்துரைக்க வேண்டும். அவர்கள் முதலில் காட்டுவது ஆர்.சி. புத்தகத்தை. வண்டி செய்யப்பட்ட ஆண்டும் மாதமும் அதில் பதிந்துவிடுகின்றன. டிசம்பரில் வாங்கிய வண்டி, சனவரி பிறந்ததும் விற்பனைச் சந்தையில் ‘போன வருடத்து வண்டி’ ஆகிவிடுகிறது. அதனாலேயே ஆண்டு இறுதியில் கடைக்காரர் விலையைக் குறைத்துத் தள்ளுகிறார். இரண்டாண்டில் விற்று வேறு வாங்குவோருக்கு இது பெரிய கணக்குதான். ஆனால் நம் பகுதியில் ஒரு வண்டியைப் பத்தாண்டு, பன்னிரண்டாண்டு ஓட்டுவோரே மிகுதி. காப்பீட்டுக் கணக்கிலேயே ஐந்தாண்டை எட்டும் வண்டிக்குப் பாதி மதிப்பைக் கழித்துவிடுகிறார்கள். தேயும் வரை ஓட்டுபவனுக்கு அந்த ஓராண்டு முத்திரையால் என்ன வந்துவிடப் போகிறது?

அவர்களின் இரண்டாம் சான்று வலுவானது. 2025 ஆகஸ்டு 15 அன்று செங்கோட்டை உரையில், தீபாவளிக்குள் ஜி.எஸ்.டி. வரி குறையும் என்று பிரதமர் அறிவித்தார். செப்டம்பர் 3இல் மன்றம் முடிவெடுத்தது. 22ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. 350 சி.சி. வரையுள்ள இரு சக்கர வண்டிகளின் வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆயிற்று. டிராக்டருக்கு 12இலிருந்து 5 ஆயிற்று. வரிக்கு முந்தைய விலை 70,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பழைய வரியில் 89,600. புதிய வரியில் 82,600. ஆதாயம் 7,000 ரூபாய். காத்திருக்க வேண்டியது 38 நாள்கள். நாளொன்றுக்கு 184 ரூபாய் கூலி கிடைத்தது போலாயிற்று. அப்போது காத்திருந்தவன் அறிவாளியே, ஐயமில்லை.

காத்திருந்தோர் இழந்தவை

ஆயினும் அந்த ஒரு நிகழ்ச்சியை வைத்துக்கொண்டு, ‘எப்போதும் பொறுத்தால் மலிவு’ என்று சட்டம் இயற்றிவிடுவது தகுமா? வேறு சில ஆண்டுகளையும் புரட்டிப் பார்ப்போம்.

2017 மார்ச் 29 அன்று, பி.எஸ்.3 வகை வண்டிகளை ஏப்ரல் முதல் நாளிலிருந்து விற்கக் கூடாதென உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. எஞ்சிய இரண்டு நாளில் கடைக்காரர்கள் விலையைப் பெரிதும் குறைத்து விற்றனர், கூட்டம் அலைமோதியது. இதைக் கண்ட சிலர், பி.எஸ்.4 வண்டிகளுக்கு 2020 மார்ச் 31 கடைசி நாள் என்றதும், அதே மலிவு மீண்டும் வரும் என்று மார்ச் இறுதிக்காகக் காத்திருந்தனர். நடந்தது என்ன? மார்ச் 25இல் நாடு முழுவதும் ஊரடங்கு. கடைகள் திறக்கவே இல்லை. பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் கார்புரேட்டர் போய், எரிபொருளைப் பீய்ச்சும் புதிய அமைப்பு வந்தது, விலையும் ஏறிற்று.

2023 ஜூன் முதல் நாளில், மின்சார இரு சக்கர வண்டிக்கான மத்திய அரசின் மானியம், மின்கலத் திறனில் ஒரு கிலோவாட் மணிக்கு 15,000 ரூபாயிலிருந்து 10,000 ஆகக் குறைந்தது. மானியத்தின் உச்ச வரம்பும் விலையில் 40 விழுக்காட்டிலிருந்து 15 ஆயிற்று. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாட்டின் சாலை வரி உயர்ந்தது. இரு சக்கர வண்டிக்கு 8 விழுக்காடாக இருந்தது, ஒரு லட்சம் ரூபாய் வரை 10, அதற்கு மேல் 12 என்றாயிற்று. அந்த ஆண்டு பொறுத்தவர்கள் பொறுமைக்காகத் தண்டம் கட்டினார்கள்.

ஆகவே, அடுத்த ஆண்டு என்பது மலிவும் அன்று, உயர்வும் அன்று; அது வெறும் அடுத்த ஆண்டு. நாளும் அளவும் குறித்து அரசு அறிவித்த மாற்றம் ஒருவகை. ‘வரப்போகிறதாம்’ என்று கடைத்தெருவில் காதில் விழுவது வேறொரு வகை. முன்னதற்குக் காத்திருக்கலாம். பின்னதற்குக் காத்திருப்பவன், நாளில்லாத நாட்காட்டியைக் கிழித்துக்கொண்டிருக்கிறான்.

இவ்வுண்மையை நம் மாவட்டத்தாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அகலப் பாதை ஆக்குவதற்காக மதுரை - போடி மீட்டர் பாதை இரயில் 2010 இறுதியில் நின்றது. தேனிக்கு மீண்டும் இரயில் வந்தது 2022 மே மாதத்தில். போடிக்கு 2023 ஜூனில். ‘இரயில் வந்துவிட்டால் வண்டி எதற்கு?’ என்று 2011இல் தள்ளிவைத்த மாணவன் ஒருவன் இருந்திருந்தால், அவன் பட்டம் பெற்று, வேலைக்குப் போய், பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த பின்பே அந்த இரயிலைக் கண்டிருப்பான்.

விற்பவனையும் இந்தக் காத்திருத்தல் விட்டுவைப்பதில்லை. திருவண்ணாமலையில் இளமையைக் கழித்த ஆடம் ஆஸ்போர்ன், அமெரிக்காவில் 1981இல் கையோடு தூக்கிச் செல்லத்தக்க கணிப்பொறியை விற்றுப் பெரும்பொருள் ஈட்டினார். அடுத்த மாடல் இதைவிடச் சிறந்தது என்று முன்கூட்டியே பேசவே, வாங்க வந்தோர் பொறுத்திருக்கத் தொடங்கினர். 1983 செப்டம்பரில் அவர் நிறுவனம் நொடித்தது. வேறு காரணங்களும் உண்டென்பர். ஆயினும் அந்த நிலைக்கு இன்றும் அவர் பெயரையே சூட்டி வணிகத் துறையினர் வழங்குகின்றனர். பின்னாளில் அவர் 2003இல் மறைந்தது, நம் பெரியகுளத்துக்கு மேலே மலைமீதுள்ள கொடைக்கானலில்தான்.

பொறுமையின் விலை

பொருளியலில் ‘வாய்ப்புச் செலவு’ என்று பயில்கிறோம். ஒன்றைச் செய்யும்போது கைவிட்ட மற்றொன்றின் மதிப்பே அது. தேர்வில் எழுதி மதிப்பெண் பெறும் நாம், வீட்டில் வண்டிப் பேச்சு வரும்போது அதை மறந்துவிடுகிறோம்.

கம்பத்திலிருந்து தேனி வரை நெடுஞ்சாலையில் ஊர் உள்ளவனுக்குப் பேருந்துக்குக் குறைவில்லை. ஆனால் சாலையை விட்டு உள்ளே தள்ளிய சிற்றூரிலிருந்து வரும் மாணவனைப் பாருங்கள். ஒரு பேருந்தைத் தவறவிட்டால் முதல் வகுப்பே போயிற்று. போக வர நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் வீணாவதாகக் கொண்டால், 180 வேலை நாளில் 360 மணி நேரம். 7,000 ரூபாய் குறையும் என்று அவன் ஓராண்டு பொறுத்தால், மணிக்கு 20 ரூபாய்கூடத் தேறாது. அவன் படிப்போ மூன்றே ஆண்டு. அதில் ஓராண்டு என்பது மூன்றில் ஒரு பங்கு! 38 நாளுக்கு அறிவாளித்தனமாக இருந்த அதே 7,000 ரூபாய், 365 நாளுக்கு ஏமாளித்தனமாகிவிடுகிறது.

திராட்சை விவசாயியின் நிலை இன்னும் கடினம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கம்பம் பன்னீர்த் திராட்சை, பறித்த பிறகு யாருக்காகவும் காத்திராது. குட்டியானை எனப்படும் சிறு சரக்கு வண்டி வாங்க எண்ணுபவர், பொறுக்கும் மாதங்களில் வாடகை வண்டிக்குக் கொடுப்பதையும், வண்டி வராமல் பழம் வாடியதையும் நாட்காட்டியின் பின்பக்கத்தில் குறித்து வரட்டும். மூன்று மாதத்தில் கணக்கே பேசும்.

எல்லாவற்றிலும் மேலாக ஒன்று. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு மலைப்பாதைகளில் விடியற்காலையில் ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் ஏறுவதை நாம் அறிவோம். பெரும்பாலோர் நம் அன்னையரும் அக்காமாரும். ‘அடுத்த வருடம் புது வண்டியே எடுத்துவிடலாம், அதுவரை இது ஓடட்டும்’ என்று தேய்ந்த டயரையும் பிடிக்காத பிரேக்கையும் ஒருவர் தள்ளிப்போட்டால், அந்தப் பொறுமைக்கான விலையைக் கொடுப்பவர் அவரல்லர், பின்னிருக்கையில் அமர்ந்திருப்பவர். அங்கே கணக்குப் பார்ப்பதே பாவம்.

மூன்று வினாக்கள்

இப்படிச் சொல்வதால், கண்டவனெல்லாம் கடன் வாங்கி நாளைக்கே வண்டி எடுக்க வேண்டும் என்று நான் சொல்வதாகக் கொள்ளலாகாது. நண்பன் வைத்திருக்கிறான் என்பதற்காகவும், விடுதி வாசலில் நிறுத்திப் பார்ப்பதற்காகவும் வாங்கும் வண்டிக்கு இவ்வாண்டும் வேண்டாம், எவ்வாண்டும் வேண்டாம். அப்பாவின் வியர்வையைத் தவணையாக மாற்றும் உரிமை நமக்கில்லை.

தேவை உண்மையானதா? அது முதல் வினா. ஆம் எனில், நான் எதிர்பார்க்கும் மாற்றத்துக்கு நாள் குறிக்கப்பட்டுள்ளதா? அது இரண்டாவது. அந்த நாள் வரை வண்டியின்றி இழப்பது, கிடைக்கப்போவதைவிடக் குறைவா? அது மூன்றாவது. மூன்றுக்கும் ஆம் என்றால் மட்டுமே காத்திருக்கலாம். விலையன்றி உயிர்க்காப்பு சார்ந்த மாற்றமாயின் தராசில் கூடுதல் எடை இடலாம். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிகளுக்கும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமாயிற்று, மலைச்சாலையில் இறங்குபவன் 2018இல் அதற்காகச் சில மாதம் பொறுத்திருந்தால் குற்றமில்லை. மாறாக, விளக்கின் வடிவும் ஒட்டுப்படத்தின் நிறமும் மாறும் என்பதற்காகப் பொறுப்பது வீண். முற்றிலும் புதிய மாடலின் குறைகள் முதல் ஆண்டில்தான் வெளிப்படும். உத்தமபாளையத்து மெக்கானிக்கின் கைக்குப் பழகிய வண்டியே நமக்கு உற்ற துணை.

திருக்குறளில் ‘காலமறிதல்’ என்றே ஓர் அதிகாரம் உண்டு. அங்கே காத்திருக்கும் கொக்கும் வருகிறது. பகல் வேளை பார்த்துக் கூகையை வெல்லும் காக்கையும் வருகிறது. கொக்கு நிற்பது மீன் வரும் ஓடையில். வறண்ட கண்மாயில் நின்றால் அதற்குக் கால்தான் வலிக்கும். மாணவ நண்பர்களே! இந்த ஐப்பசியில் உங்கள் வீட்டில் வண்டிப் பேச்சு எழுந்தால், விளம்பரத் தாளை மடித்து வைத்துவிட்டு வெள்ளைத் தாள் ஒன்றை எடுங்கள். ஒரு பக்கம் காத்திருந்தால் வருவதை எழுதுங்கள். மறுபக்கம் காத்திருப்பதால் போவதை எழுதுங்கள். பெற்றோரையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். எந்த ஆண்டு வண்டி என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.